ரொட்டிக்காரர் வீட்டு ஜன்னல்

பார்டெக் மலிவாகப் பிடித்த பஸ் டிக்கெட்டுகள் அடுத்த மாதத் தேதிக்கானவை. அதனால்தான் அவ்வளவு மலிவு என்பது, வியன்னாவில் டிரைவர் ஏற்ற மறுத்தபோதுதான் மூவருக்கும் உறைத்தது.

கிங்கா, பார்டெக், ஒலெக் மூவரும் போலந்திலிருந்து முதுகுப் பையோடு கிளம்பியவர்கள். வீட்டில் காசு கேட்பதில்லை என்று சவால் வேறு விட்டிருந்தார்கள். விடுதிச் சமையலறைகளில் யாரோ விட்டுப்போன நூடுல்ஸைத் தின்றே ஊர் ஊராகச் சுற்றியாயிற்று. இப்போது கை காலி. சனிக்கிழமை கிங்காவின் அக்காவுக்குக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவளே கிங்காதான்.

"நான் போகலைன்னா அக்கா என்னை உசுரோட விட மாட்டா. அதுக்கு முன்னாடி நான் உன்னை விட மாட்டேன்" என்றாள் பார்டெக்கிடம்.

தூறல் போட்டது. சதுக்கத்துக் கூட்டத்தில் ஒலெக்கைக் காணோம். அவன் கண்ணில் படட்டும் என்று, விடுதியில் இரவல் வாங்கிய சிவப்புக் குடையைக் கிங்கா உயரத் தூக்கிப் பிடித்தாள். ஒலெக் வந்தான். அவனோடு இன்னும் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். குடை தூக்கியவர் பின்னால் நடந்து, கதை கேட்டு, கடைசியில் தோன்றியதைத் தொப்பியில் போடுவது ஊர் பார்க்க வருகிறவர்களின் வழக்கம்.

"இலவச டூர் இதுதானே?" என்றார் ஒரு அம்மாள்.

"இதேதான்" என்றபடி பார்டெக் தொப்பியைக் கழற்றினான்.

உரிமம் இல்லாமல் வழிகாட்டி வேலை பார்த்து மாட்டினால் அபராதம், விசாரணை எல்லாம் உண்டு. அப்புறம் பஸ்ஸும் போச்சு, கல்யாணமும் போச்சு. ஆனாலும் கிங்கா வாயைத் திறந்ததும் கதை கொட்டியது. ஒரு பழைய வீட்டின் ஜன்னலைக் காட்டி, ராணியின் மோதிரத்தை ரொட்டிக்குள் வைத்துக் கடத்திய ரொட்டிக்காரரை அங்கேதான் பிடித்தார்கள் என்று அளந்தாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒலெக் அங்கே நின்ற ஒரு குதிரை வண்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை, அழவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, முறுக்கிய மீசை, விறைப்பான முதுகு.

"ரொட்டிக்காரர் பேர் என்ன?" என்றார்.

 அவசரத்துக்குக் கிங்காவின் வாயில் வந்தது அவள் வீட்டுப் பூனையின் பெயர்தான். "முருச்செக்."

எந்த வருஷம், மோதிரம் இப்போது எங்கே என்று துருவினார். பிறகு, "முதல்லேர்ந்து இன்னொரு தடவை நிதானமா சொல்லுங்க" என்றார்.

"மஃப்டி போலீஸ்டி. சீக்கிரம் முடி" என்று பார்டெக் அவள் காதைக் கடித்தான்.

எல்லோரும் தொப்பியில் போட்டார்கள். மீசைக்காரர் எதுவும் போடவில்லை. நாளைக்கும் இங்கே வருவார்களா என்று மட்டும் கேட்டார். ஊருக்குக் கிளம்புகிறோம் என்றாள் கிங்கா. "நல்லது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தொப்பியில் சேர்ந்தது மூன்று டிக்கெட்டுக்கும் ஆயிற்று, சுடச்சுடத் தொத்திறைச்சிக்கும் ஆயிற்று.  ஆனால் கிங்காவுக்குத்தான் அந்த மீசை கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் சதுக்கத்தைக் கடந்தார்கள். மீசைக்காரர் அங்கே நின்றிருந்தார். கழுத்தில் அரசு முத்திரை போட்ட அட்டை. தொலைந்தோம் என்று மூவரும் குதிரை வண்டிக்குப் பின்னால் பதுங்கினார்கள். அவரைச் சுற்றிப் பெருங்கூட்டம். அவர் கையை உயர்த்தினார். கையில் பச்சைக் குடை.

"அதோ, அந்த ஜன்னல்தான் ரொட்டிக்காரர் முருச்செக் வீடு. பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி நானே கண்டுபிடிச்சது. லைசென்ஸ் இல்லாத போலிங்க நிறைய பேர் இங்க கதை அளந்துக்கிட்டுத் திரியறாங்க, ஏமாந்துடாதீங்க."