பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் ஸ்புட்னிக்

“ஸகார் அண்ணே, தேய்ச்சது போதும்! இன்னும் தேய்ச்சா ஓட்டை விழுந்துடும். பெல்ஜியத்துக்காரன் ஓட்டை உருண்டையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?” என்றாள் பக்கத்து மேசையில் வேலை செய்த ஃபைனா.

பட்டறையே சிரித்தது. ஸகாரும் சிரித்துவைத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் பூமியைச் சுற்றிய ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் அச்சு அசலான நகல் அது. மாஸ்கோ பெல்ஜியத்துக்குக் கொடுக்கும் பரிசு. அதை வாங்கிப்போக அங்கிருந்து ஒரு குழுவும் வந்திருந்தது. பிரஸ்ஸல்ஸில் அதன் நான்கு நீளக் கம்பிகளையும் பூட்டி நிறுத்த ஒரு தொழிலாளி கூடப் போகவேண்டும். பட்டியலில் முதல் பெயர் ஸகாருடையது.

அந்த ஊரில்தான் அவர் மகள் கிளாஃபிரா, வீட்டில் செல்லமாகக் கிளாஷா, இருந்தாள். பதினாறு வயதில், ஜெர்மன்காரர்கள் லாரியில் அள்ளிக்கொண்டு போன பெண். சண்டை முடிந்தும் திரும்பவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் எப்படியோ விசாரித்து ஒரே ஒரு அஞ்சலட்டை போட்டிருந்தாள். ‘அப்பா, உயிரோடு இருக்கிறேன்.’ ஸகார் விலாசத்தை மனப்பாடம் செய்துகொண்டு அட்டையை அடுப்பில் போட்டார். வெளிநாட்டில் உறவு என்று தெரிந்தால் பட்டறை வாசலை மிதிக்க விடமாட்டார்கள். பதிலும் போடவில்லை.

மத்தியானம் பாதுகாப்பு அதிகாரி லொபாதின் கூப்பிட்டனுப்பினார்.

“உட்காருங்க, ஸகார் எகோரிச். ஒரே கேள்விதான். உங்களுக்குப் பொண்ணு இருக்கா?”

ஸகார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“இருந்தா, தோழர். சண்டையில போய்ச் சேர்ந்துட்டா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உயிரோட இருந்தாலும் தப்பில்ல. நான் ஒண்ணும் உங்களைக் கடிச்சுத் தின்னுட மாட்டேன்.”

தூண்டில் போடுகிறான் என்று நினைத்தார் ஸகார். இத்தனை தூரம் வந்துவிட்டுக் கரையிலா கப்பலைக் கவிழ்ப்பது?

“செத்துட்டா. நானே குழி தோண்டிப் புதைச்சேன்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

எழுதினார். ‘என் மகள் கிளாஃபிரா 1942இல் இறந்துவிட்டாள். வெளிநாட்டில் எனக்கு யாரும் இல்லை.’ பதினேழு வருஷம் பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு வாரம். நேரில் பார்த்து அவள் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம். கையெழுத்துப் போட்டார்.

“அப்ப நான் பிரஸ்ஸல்ஸ் போகலாமா, தோழர்?”

“அதுவா? ஆள் அனுப்பறதை நேத்தே ரத்து பண்ணிட்டாங்களே. பெல்ஜியத்துக்காரங்களே பூட்டிக்குவாங்களாம்.”

ஸகார் தான் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்தார். “பின்னே... இதை எதுக்கு எழுதி வாங்கினீங்க?”

லொபாதின் டெலிபோனை எடுத்தார்.

“வாசல் காவலா? பெல்ஜியக் குழுவோட மொழிபெயர்ப்பாளரா வந்த அம்மா, ‘எங்கப்பாவை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்’னு காலையிலேர்ந்து அங்க நிக்கறாங்களே, அவங்களை விமானத்துக்கு அனுப்பிடுங்க. பெரியவருக்குப் பொண்ணே கிடையாதாம், கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார்.”