Y-யா, N-ஆ

“சார், Y-யா, N-ஆ?”

சபீனா திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

திரையில் நின்றதும் அதே கேள்விதான். எங்கள் ஃபேக்டரியின் லினக்ஸ் சர்வருக்கு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில், புதிய கான்ஃபிக் ஃபைல் ஒன்று வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு நின்றுவிட்டது. Y அழுத்தினால் பழையது போய்ப் புதியது வரும். N அழுத்தினால் பழையதே இருக்கும்.

எனக்கு விடை தெரியும்.

அது லேபிள் பிரிண்டரின் ஃபைல். எங்கள் பிரிண்டருக்காக அதை வரிவரியாக மாற்றி எழுதியவனே நான்தான். Y போட்டால் அத்தனையும் போய்விடும். லேபிள் வராது. லேபிள் இல்லாத பெட்டி கேட்டைத் தாண்டாது. பன்னிரண்டு மணி லாரி இப்போதே வந்து, பாடி மேம்பாலம் வரை கேட்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் பார்த்தசாரதி அந்த டிரைவரைச் சமாதானப்படுத்த வெளியே போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மெஷின்கள் ஓயும். பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை அப்டேட் என் வேலை. பார்த்தசாரதி காரை நிறுத்தும்போதே, எத்திராஜ் எங்கே என்பார். ஐந்து மாதமாக, சபீனா எங்கே என்கிறார். வெள்ளானூர் ஃபிளாட்டிலிருந்து வருகிற அவள், நேற்றுப் பெய்த மழைக்கு முளைத்த காளான். டீகூட முதலில் அவள் மேஜைக்குத்தான் போகிறது.

பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு பேர் இல்லை.

நானெல்லாம் திருமுல்லைவாயில் பச்சையம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நேராக அப்டேட்டைத் தட்டுகிறவன். இவள் முதலில் எல்லாவற்றுக்கும் நகல் எடுப்பாள். பிறகு ஒத்திகை, எதெது மாறும் என்று பட்டியல் மட்டும் பார்ப்பது. பிறகு மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது. அதில் பிரிண்டர் கிடையாது, அதனால் இந்தக் கேள்வி அங்கே வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் டிக் வேறு. கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட் தோற்றது.

இப்படித்தான் செய்யவேண்டும் என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார் பார்த்தசாரதி. மூன்று முறையும் என்னைப் பார்த்து.

இந்த மாதத்தோடு அவளுடைய பயிற்சிக் காலம் முடிகிறது. ஒரே ஒரு தடவை அவள் சறுக்கி விழுந்தால் போதும். நகலிலிருந்து மீட்க அரை நாள் ஆகும். லாரி அதுவரை நிற்காது.

“Y போடும்மா. இன்னா ஆயிடப் போவுது?”

குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அவள் விரல் Y-க்குப் போய், நின்றது. பிறகு D-யைத் தட்டியது. பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும் எழுத்து அது. பதினோரு வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை.

திரை முழுக்க என் வரிகள். அழியப் போகிறவை என்பதால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறி.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் சில வரிகள். ஆறு வருஷத்துக்கு முன்பு நானே Y போட்டு, நாள் முழுக்க லேபிள் நின்று, பார்த்தசாரதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று எழுதியது. எழுதியதே மறந்துபோயிருந்தது.

‘புச்சா வர்றவங்களுக்கு. இங்க Y போட்டுடாதீங்க. நான் போட்டு மாட்டிக்கினேன். N போடுங்க. எத்திராஜ்.’

சபீனா அதை இரண்டு முறை படித்தாள். என் பெயரில் வந்து அவள் கண் நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

N அழுத்தினாள்.

சோதனை லேபிள் வெளியே வரும் நேரத்தில் பார்த்தசாரதியும் உள்ளே வந்தார். லேபிளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏதாவது சிக்கலா என்று கேட்டார்.

“ஒரு இடத்துல நின்னுச்சு சார். எத்திராஜ் சார் சொன்ன மாதிரி N போட்டேன்.”

பார்த்தசாரதி என் தோளில் தட்டினார். அனுபவம்னா அனுபவம்தான் என்றார். ஐந்து மாதமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. காதில் விழுந்ததும் கூசியது.

சபீனா நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். காலையிலிருந்து அவள் கை மறைத்திருந்த கடைசி வரி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருந்தது.

‘சந்தேகம் வந்தால் எத்திராஜ் சாரைக் கேட்கணும்.’

ஸ்கேல் வைத்து, நேராக, அந்த வரியை அடித்தாள்.