திருச்செந்தூர் பெட்ரோல்

"திருச்செந்தூருக்கு எதுக்குப் போனீங்க?"

வருமானவரி அதிகாரி முத்துராமன் நிமிராமலே கேட்டார். முப்பது வயதுகூட இருக்காது. திருச்சியிலிருந்து வந்து, புதுக்கோட்டை பயணியர் விடுதியில் முகாம் போட்டிருந்தார். தலைக்குமேலே ஃபேன் சுற்றியும் எதிரே உட்கார்ந்திருந்த குமரப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. திருமயம் பக்கத்தில் அவருக்குக் கடலை வியாபாரம். சொந்தமாக ஒரு பழைய ஆஸ்டின் கார்.

"யாவாரமாத்தாங்க. கடலை விலை விசாரிக்கப் போனேன்."

"கறம்பக்குடி, இலுப்பூருக்கெல்லாம் கடலை பிடிக்கப் போயிருக்கீங்க. அந்தப் பெட்ரோலைத் தொழில் செலவுன்னு தாராளமா கழிச்சுக்கலாம். சட்டத்துலயே இடமிருக்கு. திருச்செந்தூர்தான் இடிக்குது. நீங்க போன அன்னிக்குச் சூரசம்ஹாரம். மண்டி தொறந்திருந்துச்சா?"

குமரப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூட யாரு வந்தாங்க?"

"வீட்டுல அவளும் வந்தா."

"அவங்களும் விலை விசாரிச்சாங்களா?"

அதிகாரி சிரிக்காமல்தான் கேட்டார். குமரப்பன் அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். குமாஸ்தா டீ குடிக்கப் போயிருந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஊரு ஒலகத்துல எல்லாரும் எழுதறதுதானே. நீங்க பாத்து விட்டுட்டா முடிஞ்சுபோச்சு. ஒங்களைச் சும்மா விட்டுருவனா? எவ்வளவுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தார்.

முத்துராமன் பேனாவை மூடி வைத்தார். சத்தம் போடப் போகிறார் என்று குமரப்பன் நினைத்தார். அவரோ கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி எதிரே நகர்த்தினார்.

"முதல்ல தண்ணியைக் குடிங்க. எங்கப்பா வயசு ஒங்களுக்கு. இப்ப சொன்னதை நான் கேக்கலைன்னு வச்சுக்கறேன். இன்னொரு தடவை சொன்னா எழுதிக்க வேண்டியிருக்கும்."

குமரப்பன் தண்ணீரைக் குடித்தார்.

"நியாயமான செலவுல ஒரு லிட்டரைக்கூட வெட்டலை. திருச்செந்தூரைத் தள்ளுறேன். பொய்யா எழுதினதுக்கு அபராதமும் வரும், கட்டிருங்க."

"வேற வழியே இல்லீங்களா?"

"இல்லீங்க."

குமரப்பன் எழுந்து கும்பிட்டார். முத்துராமனும் எழுந்து நின்று கும்பிட்டு, "வெயிலு ஏறிருச்சு, பாத்துப் போங்க" என்றார்.

வெளியே வேப்பமர நிழலில் கார் நின்றது. டிரைவர் சந்தனம் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி ஆவுடையாள் பதறிப்போய்க் கேட்டாள்.

"என்னங்க, இப்புடி வேர்த்திருக்கு? என்ன சொன்னாரு?"

"அபராதம் போட்டுட்டாரு. எவ்வளவு வேணும்னு கேட்டுப் பாத்தேன், அசையலை."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கைவைத்தாள் ஆவுடையாள்.

குமரப்பன் முகமெல்லாம் சிரிப்பாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேணுமின்னே பொய்க் கணக்கு எழுதி நேருல சோதிச்சுப் பாத்தது வீண் போகலை. நம்ம பொண்ணு சாலாவுக்கு இந்த மாப்பிள்ளையையே பேசி முடிச்சிருவோம்!"