யாராலும் தடுக்க முடியாத வெட்டு

“அறுநூறு வருஷத்து வாள்வித்தைச் சுவடியில ‘மாறுகண் வெட்டு’ன்னு ஒண்ணு இருக்கு. அதை எப்படி வெட்டணும்னு ஜெர்மனியிலேயே எனக்குத்தான் தெரியும்” என்று மார்தட்டினார் ஒட்மார்.

நூரம்பர்க் வாள் சங்கத்தில் ஹெட்விக் மட்டும் மசியவில்லை. “அந்தச் சுவடியே பாதி விடுகதை. எதிராளி வாளைக் குறுக்கே காட்டினா உங்க வெட்டு அவ்வளவுதான், மாஸ்டர்.”

“ஆறு மாசமா யோர்ன் மேல வெட்டிப் பாத்துட்டேன். ஒரு தடவை தடுத்திருக்கானா? அவன்கிட்டயே கேளு!”

ஞாயிறு தவறாமல் ஒட்மார் வீட்டில் பிளம் கேக் தின்கிற சீடன் யோர்ன், தலைக்கவசத்தைத் தடவிக்கொண்டான். “எங்க தடுக்கறது? வர்றதே தெரியல, மாஸ்டர்.”

போதாதா? ஒட்மார் புத்தகமே எழுதிவிட்டார். அது அச்சாகி வந்த திங்கட்கிழமை, மியூனிக்கிலிருந்து வந்திருந்த வாள்காரர்கள் முன்னால், சனிக்கிழமை குடித்த பீரின் தலைவலி தீராமலே வெட்டிக் காட்டினார்.

யோர்ன் சாவகாசமாகத் தடுத்துவிட்டு, அவர் மண்டையில் ஒன்று போட்டான். மறுபடி வெட்டினார். மறுபடியும் மண்டையில் விழுந்தது. ஹெட்விக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவனை மூலைக்கு இழுத்துப் போனார் ஒட்மார். “ஆறு மாசமா ஒரு தடவைகூடத் தடுக்காதவனுக்கு இன்னைக்கு என்னடா வந்துச்சு?”

யோர்ன் கையுறையைக் கழற்றினான். விரலில் புது மோதிரம் மின்னியது.

“அப்பல்லாம் நீங்க பொண்ணு குடுப்பீங்களா மாட்டீங்களான்னு தெரியாது. அதான் சனிக்கிழமையே கல்யாணம் முடிஞ்சிடுச்சே, மாமா!”