மங்காத பச்சை

மாலை வகுப்பின் நுண்ணோக்கியில் இதயச் செல்கள் துடித்துக்கொண்டிருந்தன. கால்சியம் உள்ளே பெருகினால் பச்சையாக ஒளிரும், குறைந்தால் மங்கும். அப்படியொரு சாயம் ஏற்றியிருந்தோம். என் வகுப்புத் தோழி தேன்மொழி வாரக்கணக்கில் வளர்த்ததில் பிழைத்திருந்த ஒரே தட்டு அது. அளவை இருமுறை சரிபார்த்தும் சந்தேகத்தோடுதான், செல்களுக்குள் கால்சியத்தைப் பெருகவைக்கும் பெராக்சைடைச் சொட்டினேன். ஒளி ஏறத் தொடங்கியதுமே அதைக் கழுவிவிட வேண்டும், தாமதித்தால் செல்கள் பிழைக்காது என்பது ஏற்பாடு.

ஏறியது. மங்கவேயில்லை.

"கழுவிடவாடி?" என்றாள் தேன்மொழி, பிப்பெட்டும் கையுமாக.

"கொஞ்சம் இரு. எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா."

"அழகு கிடக்கட்டும். துடிக்குதா?"

உள்ளே வந்த கால்சியத்தை வெளியேற்ற முடியாமல், சுருங்கிய செல்கள் விரியாமலே நின்றன. நான் கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு" என்றேன்.