கவிழ்க்காத தகரம்

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். அனுமதிச் சீட்டில்லாத இரண்டு மூட்டை அரிசியை ஏற்றிக்கொண்டு அஞ்சலையும் தம்பி வேலப்பனும் பத்து காவான் கரையிலிருந்து பினாங்குக்குப் பாய்மரப் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். விடிந்தும் பனிமூட்டம் விலகவில்லை. படகு ஒழுகத் தொடங்கியது.

இருந்தது ஒரே மண்ணெண்ணெய்த் தகரம். தண்ணீர் இறைக்கவும் அதுதான், ஆபத்தென்றால் கவிழ்த்துப்போட்டு மூன்று முறை அடித்துக் கூப்பிடவும் அதுதான். அடித்தால் முதலில் வருவது ரோந்துப் படகு. அரிசியைப் பார்த்தால் தலை தப்பாது.

"அக்கா, அடிச்சிரலாம்லா. முழங்காலுக்கு வந்திருச்சு."

"மூட்டை நனைஞ்சா அடிப்போம்டா. அதுவரைக்கும் இறைப்போம்."

மூட்டையும் நனைந்தது. இனி அடித்தே தீரவேண்டும் என்று அஞ்சலை முடிவு செய்தபோது தகரம் அவள் கையில் தண்ணீரோடு கனத்தது. அந்த நேரத்தில் பனிக்குள் வெகுதூரத்திலிருந்து டங், டங், டங் என்று தகரம் அடிக்கும் சத்தம் வந்தது.

பக்கத்திலேயே ஒரு இயந்திரம் உறுமியது. ரோந்துப் படகு அவர்களைக் காணாமலே கடந்து, சத்தம் வந்த திசைக்குப் போய்விட்டது. சற்று நேரத்தில் படகின் அடி கரைச்சேற்றில் தட்டியது.

இறங்கிய பிறகுதான் அஞ்சலை தகரத்தைக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்தில் மூன்று புது நெளிவுகள். தொட்டுப் பார்த்தாள்.

தகரம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.