சாவி என் பையில்

ரயிலை விட்டு இறங்கியதுமே மழை. சுமத்ராவின் மலையூர் பாடாங் பாஞ்சாங் என்றால் அப்படித்தான்.

"சாவி பத்திரமா இருக்கா, ஆலிம்சா?" காப்பிக்கடை மலிம் கத்தினான். கடையே எழுந்து நின்று சிரித்தது.

சம்சுவாரும் சிரித்தார். ஆறு வருட நாடுகடத்தலுக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம்.

டிகுல் காட்டு முகாமில் டச்சு அதிகாரி வருடாவருடம் ஒரு தாளை நீட்டுவான். இனி அரசாங்கத்தை எதிர்த்து எழுதமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பலாம்.

சம்சுவார் போடவில்லை. போடவில்லை என்பதையும் கப்பல் கூலி ஒருவனிடம் ஒளித்துக் கொடுத்து, தன் பத்திரிகைக்கே எழுதி அனுப்பினார்.

'இந்தச் சிறையின் சாவி என் பையில்தான் இருக்கிறது. நான்தான் திறக்கவில்லை.'

ஊரே மனப்பாடம் செய்தது. பள்ளிவாசலில் வாசித்தபோது பெரிய மனிதர்களே அழுதார்களாம்.

கடைசியில் டச்சுக்காரனே சலித்துப்போய் விட்டுவிட்டான். கையெழுத்து இல்லாமலே!

மனைவி ரபியாவிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

படியடித் தொட்டியில் நீர் அள்ளிக் கால் கழுவினார். ரபியாவின் வீடு. இந்த மண்ணில் வீடு பெண்ணுக்குத்தான். அவள் கதவைத் திறக்கும்வரைதான் ஆண் வீட்டுக்காரன்.

முதல் படியில் கால் வைத்தார். மேலே ரபியாவின் தாய்மாமன் தத்துக் மாஜோ வழிமறித்து நின்றார்.

"ஏறாதீங்க தம்பி. பந்தம் அறுந்து ரெண்டு வருஷமாச்சு."

நிக்காஹ் அன்று எல்லா மாப்பிள்ளைகளையும் போல சம்சுவாரும் சபையில் சொன்ன வாக்குதான். ஆறு மாதம் சோறு போடாமல் விட்டுப்போனால், அவள் காஜியிடம் முறையிட்டதும் தலாக்.

"விட்டுட்டு ஓடுனவனுக்குத்தானே மாமா அது! என்னைப் புடிச்சுல்ல கொண்டு போனாங்க!"

"காஜியும் முதல்ல ரபியாகிட்ட அதையேதான் சொன்னாரு. அடைச்சு வச்ச மனுஷன் எப்படிம்மா வருவான்னு கேட்டாரு."

திரைக்குப் பின்னாலிருந்து ரபியாவின் குரல் வந்தது. அந்நிய ஆணிடம் பேசும் மரியாதைக் குரல்.

"கையெழுத்துப் போட்டுட்டு வாங்கன்னு எத்தனை தடவ சொல்லி அனுப்புனேன், ஆலிம்சா. காஜிகிட்ட நான் வேற எதுவும் சொல்லல. உங்க வரியத்தான் படிச்சுக் காட்டுனேன்."

சம்சுவார் படியிலிருந்து காலை எடுத்தார்.

தத்துக் இறங்கிவந்து குடையை நீட்டினார். மனைவி இல்லாத ஆண்கள் படுக்கும் தைக்காவில் பாய் போடச் சொல்லியிருக்கிறாராம்.

"போங்க தம்பி, அங்க ஓதுற பசங்க காத்துக் கிடக்கானுங்க. அந்த வரியச் செவுத்துல பெருசா எழுதி வச்சிருக்கானுங்க."